சோவியத் போனப்போ சோவியத்துக்கு வெளியில யாருக்கு பெரிய அடி?

கொட்டாம்பட்டி_குமார் (இழை தொடங்கியவர்)
வணக்கம் மக்களே. பொண்ணு பிளஸ் டூ, பனிப்போர் பாடம் படிச்சிட்டிருந்துச்சு. பெர்லின் சுவர் 1989, கோர்பச்சேவ் ராஜினாமா 1991 டிசம்பர் 25, அதோட பாடத்த முடிச்சிட்டாங்க. "ரெண்டு பேர் சண்ட போட்டாங்க, ஒருத்தர் விழுந்துட்டார், சரி, அவங்க காசுல பொழச்சிட்டு இருந்தவங்களுக்கு என்னப்பா ஆச்சு"ன்னு கேக்குது. நான் முழிச்சேன். உக்ரைன், பால்டிக் மாதிரி அந்த 15 குடியரசு வேணாம், அத பத்தி நாலு இழை ஏற்கனவே ஓடுது. வெளியில இருந்த நாடுங்கள்ல யாருக்கு பெரிய அடி, யாரு எந்திரிச்சாங்க? தெரிஞ்சவங்க எழுதுங்க, அப்படியே பொண்ணுகிட்ட காட்டிடுவேன், அதனால கெட்ட வார்த்தை வேணாம்.

ப்ளாஸ்க்_டீ
கெட்ட வார்த்தை இல்லாம அரசியல் இழையா. வேடிக்கை பாக்க துண்டு போட்டு உக்காந்துட்டேன்.

ஹவானா_பித்தன்
கியூபா தோழர், வேற பேச்சே இல்ல. வர்த்தகத்துல முக்கால்வாசிக்கு மேல சோவியத்தும் கிழக்கு ஐரோப்பாவும்தான். கரும்பு சக்கரைய உலக சந்தை விலைய விட ரொம்ப அதிகமா குடுத்து வாங்கினாங்க, பதிலுக்கு பெட்ரோல் கப்பல் கப்பலா வரும். 1991ல கப்பல் குறைஞ்சுபோச்சு. 1989லேர்ந்து 1993க்குள்ள பொருளாதாரம் மூணுல ஒரு பங்கு சுருங்கிருச்சு, சும்மா சதவீதமா படிக்காதீங்க, மூணு வேளை சாப்பிட்ட வீட்ல ஒரு வேளைய தூக்குனா எப்படி இருக்கும்னு யோசிங்க. காஸ்ட்ரோ அதுக்கு வச்ச பேரு "சமாதான காலத்தின் சிறப்புக் காலம்". போர் வந்தா எண்ணெய் இல்லாம எப்படி சமாளிக்கிறதுன்னு ஒரு திட்டம் போட்டு வச்சிருந்தாங்க, போரே வராம அந்த திட்டத்த எடுத்து விரிக்க வேண்டியதா போச்சு.

சைனாலேர்ந்து பத்து லட்சத்துக்கு மேல சைக்கிள் வாங்கி ஊர் பூரா குடுத்தாங்க. டிராக்டருக்கு டீசல் இல்ல, மறுபடி காளைய பழக்கினாங்க. லாரி தலைய முன்னால கட்டி நடுவுல பள்ளம் விழுந்த மாதிரி ஒரு பெரிய பொட்டிய இழுத்துட்டு போகும், அதான் பஸ்ஸு, பேரே ஒட்டகம். கரண்டு எந்நேரமும் போயிரும், அதனால போறதுக்கு பேரு வைக்கிறத விட்டுட்டு கரண்டு வர்ற நேரத்துக்கு தனியா ஒரு பேரு வச்சாங்க கிண்டலா. நம்ம ஊர் 2012 ஞாபகம் வரலயா?

1992-93ல இன்னொண்ணு நடந்துச்சு, திடீர்னு ஐம்பதாயிரம் பேருக்கு மேல கண்ணு மங்க ஆரம்பிச்சிருச்சு. நரம்பு பாதிப்பு. சத்து கொறைஞ்சது பெரிய காரணம், நாடு முழுக்க வீடு வீடா வைட்டமின் மாத்திரை குடுத்து நிப்பாட்டினாங்க. அந்த நிலைமைலயும் ஒரு ஆஸ்பத்திரிய மூடல, ஒரு பள்ளிக்கூடத்த மூடல. இத யாரும் பேச மாட்டாங்க.

நெடுந்தூரம்
//இத யாரும் பேச மாட்டாங்க//
பேசுறாங்க, நீங்க பேசாம விட்டது வேற. 1994 ஆகஸ்ட் 5, ஹவானா கடற்கரை ரோட்ல ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் காஸ்ட்ரோ "போறவன் போகலாம்"னு காவல தளர்த்தினதும் டயர் ட்யூப், மரக்கட்டை, எண்ணெய் டிரம்மு, எது மிதக்குமோ அத கட்டிக்கிட்டு முப்பதாயிரத்துக்கு மேல கடல்ல இறங்கினாங்க. எத்தன பேர் கரை சேரலன்னு கணக்கே கிடையாது. அதுக்கு முந்தின வருஷம் 1993ல டாலர் வச்சிருக்கறது குத்தமில்லன்னு மாத்தினாங்க, அன்னிக்கே ஊரு ரெண்டா பிரிஞ்சுது, மயாமில சொந்தக்காரன் உள்ளவன், இல்லாதவன். டாக்டர விட டூரிஸ்ட் ஓட்டல் சர்வருக்கு வருமானம் கூட.

ஹவானா_பித்தன்
அத மறைக்கல தோழர். ஆனா நெஞ்ச தொட்டு சொல்லுங்க, விழுந்தவன் மேல ஏறி மிதிச்சது யாரு? சண்டை முடிஞ்சிருச்சுல்ல, அமெரிக்கா கியூபா மேல போட்ட வர்த்தக தடைய எடுக்கணும்ல? 1992ல டோரிசெல்லி சட்டம், 1996ல ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம், போட்டி முடிஞ்சப்புறம்தான் இன்னும் இறுக்கினாங்க. எதிரியே இல்லாத போர்.

நெடுந்தூரம்
அதுல உங்க கூட சண்டை இல்ல. ஃப்ளோரிடால குடியேறின கியூபாக்காரங்க ஓட்டு இருக்கிற வரைக்கும் அந்த தடை இருக்கும்.
ஆனா கியூபா சோவியத்துக்கு வித்தது சக்கரைன்னு நீங்க நினைக்கிறீங்க. இல்ல. அது இருந்த இடத்த வித்துச்சு, அமெரிக்காவுக்கு தொண்ணூறு மைல் தூரத்துல உக்காந்திருக்கேன்ல, அதுக்கு வாடகை. சக்கரை அந்த வாடகை ரசீதுல எழுதுற பேரு. 80கள் நடுவுல வந்த சோவியத் எண்ணெய்லயே மிச்சம் பிடிச்சு வெளியில வித்து டாலர் பாத்தாங்க, சில வருஷம் அந்த வரும்படி டாலர் கணக்குல சக்கரையையே தாண்டிருச்சு. இத வியாபாரம்னு சொல்லுவீங்களா?

ப்ளாஸ்க்_டீ
ரேஷன் அரிசிய வாங்கி மாவு மில்லுக்கு விக்கிற டெக்னிக்கு. உலகம் பூரா ஒண்ணுதான்.

உலான்பாத்தர்_ரிட்டர்ன்
நான் மூணு வருஷம் மங்கோலியால சுரங்க கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வேலையா இருந்தேன், அதனால இந்த இழைய பாத்ததும் கை சும்மா இருக்கல. கியூபாவுக்கு கண்ணீர் விட ஆயிரம் பேர், மங்கோலியாவ ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. அங்க பொருளாதாரத்துல மூணுல ஒரு பங்கு சோவியத் உதவி, விவசாய மெஷினுக்கு ஸ்பேர், பெட்ரோலு, எல்லாம் அங்கேர்ந்து, படிச்சவன்லாம் ரஷ்யன்ல படிச்சவன், எழுத்தே ரஷ்ய எழுத்து. சுத்தி ரெண்டே நாடு, மேல ரஷ்யா கீழ சைனா, மேல உள்ளவன் கைய விட்டா கீழ உள்ளவன்தான், கீழ உள்ளவன பத்தி அவங்களுக்கு நூறு வருஷ பயம்.

1989 டிசம்பர் 10 முதல் கூட்டம், 1990 மார்ச்ல சதுக்கத்துல பசங்க உண்ணாவிரதம், அந்த கடுங்குளிர்ல, ரெண்டு நாள்ல பொலிட்பீரோ, அதாவது ஆளுங்கட்சியோட உச்சக்குழு, மொத்தமும் ராஜினாமா. துப்பாக்கி வெடிக்கல. ஜூலைல தேர்தல். இது வரைக்கும் கேக்க சினிமா மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் கடை காலி, ரேஷன் கார்டு, விலைவாசி 1992ல மூணு நாலு மடங்கு. எங்கூட வேலை பாத்த ஒரு அக்கா சொல்லுவாங்க, ரொட்டி லைன்ல அவங்க அம்மா இடம் புடிக்க கையுறைய தரையில வச்சிட்டு போவாங்களாம், வரிசை பூரா ஆள் இருக்காது, கையுறையும் பையும்தான் வரிசையா நிக்குமாம்.

சொல்ல வந்தது ஆடு. அரசாங்கம் எல்லா ஜனத்துக்கும் நீலச் சீட்டு, ரோஸ் சீட்டுன்னு பத்தாயிரம் தூக்ரிக் (அந்த ஊர் காசு) மதிப்புக்கு கூப்பன் குடுத்துச்சு, பெரிய கம்பெனி பங்குக்கு நீலம், சின்ன சொத்துக்கும் ஆடு மாட்டுக்கும் ரோஸு. கூட்டுப்பண்ணை கலைஞ்சுது. டவுன்ல ஃபேக்டரி மூடிட்டான், அப்போ ஃபேக்டரில எலக்ட்ரீசியனா இருந்தவன், டீச்சரு, டிரைவரு, எல்லாம் ஆட்ட ஓட்டிட்டு புல்வெளிக்கு போயிட்டான்! உலகம் பூரா கிராமத்துலேர்ந்து டவுனுக்கு ஓடுது, அங்க தலைகீழா நடந்துச்சு, பத்து வருஷத்துக்குள்ள மேய்க்கிறவங்க கிட்டத்தட்ட மூணு மடங்கு. பசிக்கு அதான் காப்பாத்துச்சு, கியூபால இல்லாத ஒண்ணு அவங்ககிட்ட நடந்துட்டே இருந்துச்சு நாலு கால்ல.

ஆனா புதுசா போனவனுக்கு மேய்ப்பு தெரியாது. வைக்கோல் சேத்து வைக்கல, முன்னாடி கூட்டுப்பண்ணை சேத்து வைக்கும், கிணறு பராமரிக்கும், இப்போ அதுவும் இல்ல. காஷ்மீர் கம்பளிக்கு சைனாக்காரன் நல்ல காசு குடுக்குறான்னு வெள்ளாடா வளத்துட்டாங்க, வெள்ளாடு புல்ல வேரோட கடிக்கும். 1999லேர்ந்து 2002 வரைக்கும் மூணு குளிர்காலம் தொடர்ந்து ட்ஸூட், அதாவது வெயில்ல புல்லு கருகி, குளிர்ல பனி இறுகி, கால்நடை நின்ன இடத்துலயே விறைச்சு சாகும். ஒரு கோடிக்கு மேல செத்துச்சு. ஆடு போனவன் கூடாரத்த சுருட்டிட்டு உலான்பாத்தர் மலைச்சரிவுல வந்து போட்டான், அவன் அடுப்புக்கு நிலக்கரிதான், டிசம்பர்ல அந்த ஊர்ல மூச்சு விட்டு பாருங்க, நான் விட்ருக்கேன்.

கொட்டாம்பட்டி_குமார்
அண்ணே இத படிச்சிட்டு பொண்ணு "அப்போ அவங்க தோத்தாங்களா ஜெயிச்சாங்களா"ங்குது.

உலான்பாத்தர்_ரிட்டர்ன்
ஓட்டு போட்டு ஆட்சிய மாத்துறாங்க, முப்பது வருஷமா. ரெண்டு பெரிய ஆளுக்கு நடுவுல உக்காந்துட்டு. இந்த பக்கம் ஏற்றுமதி பாத்தா பெரும்பகுதி சைனாவுக்குத்தான், நிலக்கரியும் தாமிரமும். பழைய முதலாளி போயி புது முதலாளி. தம்பி, இதுக்கு நான் என்ன மார்க் போட?

எஸ்போ_கலா
எல்லாரும் ஏழை நாட்டயே சொல்றீங்க, நான் இருக்கிற ஊர சொல்றேன், பின்லாந்து. கேட்டா சிரிப்பீங்க. இது சோவியத் அணியும் இல்ல, நேட்டோவும் இல்ல அப்போ. ஆனா பக்கத்து வீடு. பண்டமாற்று மாதிரி ஒரு கணக்கு வச்சிருந்தாங்க, அவங்க எண்ணெய் குடுப்பாங்க, இவங்க கப்பல், துணி, ஷூ, காகிதம், கேபிள் அனுப்புவாங்க, காசு கை மாறாது, வருஷக் கடைசில கழிச்சிப்பாங்க. 1990 கடைசியோட அந்த கணக்க மூடிட்டாங்க. அடுத்த மூணு வருஷத்துல பொருளாதாரம் பத்து சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு, வேலையில்லாதவங்க 3 சதவீதம் சுமாரா இருந்தது 1994 வாக்குல 17 பக்கம். முழுக்க ரஷ்யா மேல போட முடியாது, பேங்க்குங்க கண்ண மூடிட்டு கடன் குடுத்து வெடிச்சதுதான் பெரிய பங்கு. ரெண்டும் ஒரே நேரத்துல.

நோக்கியா அப்போ ரப்பர் பூட்ஸ், டாய்லெட் பேப்பர், கேபிள், டிவின்னு எல்லாம் பண்ற கம்பெனி, சோவியத் பெரிய கஸ்டமர். 1992ல ஒல்லிலான்னு புது தலைவர் வந்து போன் தவிர மத்தத வித்து தள்ளினாரு. மீதி கதை உங்க எல்லார் பாக்கெட்லயும் இருந்துச்சு, பாம்பு கேமோட. ஆனா அத மட்டும் சொல்லி முடிச்சிடுவாங்க எல்லா எடத்துலயும், நான் சொல்ல வந்தது துணி மில்லுங்க. ரஷ்யாவுக்குன்னே கோட்டு தைச்ச மில்லு, ஷூ ஃபேக்டரி, அதெல்லாம் நோக்கியா ஆகல. மூடினது மூடினதுதான். எங்க பக்கத்து வீட்டு பாட்டி அப்படி ஒரு மில்லுல இருந்தவங்க, "டிசைன் மாத்தவே வேணாம், அதே கோட்டு, வருஷா வருஷம், ஆர்டர் வந்துரும்"பாங்க. கெட்டுப்போனது அங்கதான்னு அவங்களே சொல்லுவாங்க.

கோத்தகிரிக்காரன்
அக்கா சொன்ன கடைசி வரி எங்க ஊர் கதை. இத எழுதுறதுக்குன்னே லாகின் பாஸ்வேர்ட் தேடி எடுத்தேன்.

80கள்ல இந்திய டீ ஏற்றுமதில பாதி அளவுக்கு சோவியத்துதான் வாங்குச்சு. ரூபாய்ல கணக்கு, டாலர் வேண்டியதில்ல. நீலகிரி டீக்கு அது சொர்க்கம். எங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் தோட்டம், எலைய கொண்டுபோய் ஃபேக்டரில போடுவோம். ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு பறிக்கணும், அதான் கணக்கு. ஆனா எந்த எலை போட்டாலும் ஏலத்துல போயிரும், ரஷ்யா வாங்கிரும். அப்போ எவன் மெனக்கெட்டு கொழுந்தா கிள்ளுவான்? நாலு எலை, அஞ்சு எலை, முத்தினது, காம்பு, எல்லாம் கோணிக்குள்ள. எடை நிக்கணும் அவ்ளோதான். ஃபேக்டரிகாரரும் கேக்க மாட்டார். தரம் போனது ரஷ்யா போனப்போ இல்ல, ரஷ்யா இருந்தப்போ.

நெடுந்தூரம்
நல்ல பதிவு. 1991ல விலை விழுந்துச்சா?

கோத்தகிரிக்காரன்
அதுலதான் எல்லாரும் தப்பா சொல்றாங்க. 91ல உடனே விழல. இந்தியா சோவியத்கிட்ட வாங்கின ஆயுதக் கடன், மத்த கடன் எல்லாம் இருந்துச்சுல்ல, 1993ல ரஷ்ய அதிபர் எல்ட்சின் டெல்லிக்கு வந்தப்போ அத ரஷ்யாவுக்கு ரூபாய்ல கட்றதுன்னு முடிவாச்சு. அந்த ரூபாய வச்சு அவங்க இங்க சரக்கு வாங்கணும். டீ, புகையிலை, மருந்து. அதனால செத்தவன் சட்டைப்பைலேர்ந்து ஆறேழு வருஷம் எங்களுக்கு காசு வந்துச்சு. 1998 ஆகஸ்ட்ல ரஷ்யா திவாலாச்சு, ரூபிள் விழுந்துச்சு, அதுக்கப்புறம்தான் எங்களுக்கு கை நடுங்குச்சு. 2000 வாக்குல பச்சை எலை விலை பாதிக்கும் கீழ. பறிகூலிக்கே கட்டல. சில பேரு எலைய செடியிலயே விட்டுட்டாங்க. ஊர்ல போராட்டம், மறியல் எல்லாம் நடந்துச்சு. எங்கப்பா அந்த வருஷம்தான் என்ன கோயம்புத்தூருக்கு அனுப்பினது, ஒர்க்ஷாப்புக்கு.

சோவியத் செத்தது 91, எங்க ஊருக்கு சாவு செய்தி வந்தது 98.

ஹவானா_பித்தன்
இது புதுசா இருக்கு எனக்கு. கியூபா சக்கரைக்கும் அப்படியே பொருந்துது, ஒத்துக்கறேன். 1990ல எண்பது லட்சம் டன் ஆட்டினாங்க, 2002ல 156 ஆலைல 71 ஆலைய அரசாங்கமே மூடிருச்சு. இப்போ அஞ்சு லட்சம் டன்கூட வர்றதில்ல, வெளியிலேர்ந்து சக்கரை வாங்குறாங்க. கியூபா! சக்கரை! மெஷின் பழசு, நிலம் களைச்சு போச்சு, இவ்ளோ நாள் வாங்குறவன் கேள்வி கேக்காததால யாரும் மாத்தல.

ப்ளாஸ்க்_டீ
தோழர் ஒத்துக்கிட்டார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு.

வள்ளியூர்_பாண்டி
என்னவே, எல்லாரும் உலகம் சுத்துதியளே, எங்க ஊர விட்டுட்டியளே. கூடங்குளம் எப்ப கையெழுத்தானது? 1988 நவம்பர், ராஜீவும் கோர்பச்சேவும். அப்புறம் கோர்பச்சேவ் நாடே இல்ல. பத்து வருஷம் அங்க பொட்டல் காடுதான், போர்டு மட்டும் நிக்கும். எங்க மாமா ஒருத்தர் வேலை கெடைக்கும்னு நிலத்த குடுத்துட்டு 88ல இருந்து காத்துக்கிட்டே இருந்தாரு. 1998ல மறுபடி ஒப்பந்தம், 2002ல கான்கிரீட் போட்டான், கரண்டு வந்தது 2013. மாமா பாக்கல.

நெடுந்தூரம்
பாண்டி, இதுக்கு ஜோடி ஒண்ணு இருக்கு, ஹவானா_பித்தன் சொல்லாம விட்டது. கியூபால சியன்ஃபுவேகோஸ் பக்கத்துல ஜுராகுவா அணு உலை. 1983ல ஆரம்பிச்சாங்க, ரெண்டு உலை, சோவியத் டிசைன், வேலைக்காரங்களுக்குன்னே பக்கத்துல ஒரு ஊரும் கட்டினாங்க. 1992ல காசு இல்லன்னு நிறுத்தினது நிறுத்தினதுதான். குவிமாடம் மட்டும் கடல் பக்கத்துல நிக்குது, எரிபொருள் உள்ள போகவே இல்ல. கிழக்கு ஜெர்மனில ஸ்டெண்டால்ல அதே மாதிரி பாதில நின்னுது. கூடங்குளத்தையும் சேத்து மூணுக்கும் வித்தவன் ஒருத்தன்தான். கூடங்குளம் ஓடுது, மத்தது இடிபாடு. ஏன்னு யோசிச்சா 90கள்ல ரஷ்ய அணுசக்தி துறைக்கே ஆர்டர் இல்லாம சோறு கிடைக்கல, இந்தியா காசு திருப்பித் தரும்னு தெரியும், அதனால கடனும் அவங்களே குடுத்தாங்க. கியூபாகிட்ட திருப்பித் தர எதுவும் இல்ல, அது குடுத்துட்டு இருந்த "இடம்" யாருக்கும் வேண்டியதில்லாம போச்சு.

வள்ளியூர்_பாண்டி
ஓடுதது சரி. இடிந்தகரைக்காரன்கிட்ட போயி அத நல்ல செய்தின்னு சொல்லாதியும். 2011, 12ல அங்க நடந்தத கண்ணால பாத்தவன் நான்.
அதே திருநெல்வேலி மாவட்டத்துல இஸ்ரோவோட மகேந்திரகிரியும் இருக்கு கேட்டியளா. கிரையோஜெனிக் எஞ்சின், ரொம்ப குளிர வச்சு திரவமாக்கின வாயுவ எரிக்கிற ராக்கெட் எஞ்சின். 1991ல ரஷ்யாக்காரன் டெக்னாலஜியோட தாரேன்னு ஒத்துக்கிட்டான், 92ல அமெரிக்கா தடை போட்டுது, 93ல ரஷ்யா பல்ட்டி, ஏழு எஞ்சின் மட்டும் தந்தான், செய்முறை கெடையாது. சோவியத்தா இருந்திருந்தா அமெரிக்காக்காரன் சொல்லி கேட்டிருப்பானா? அப்புறம் நம்மாளுவ மலையடில உக்காந்து செஞ்சு செஞ்சு பாத்து, 2010ல ஒண்ணு கடல்ல விழுந்து, 2014 ஜனவரி 5 மேல போச்சு. இருபது வருஷம் வே.

எஸ்போ_கலா
அதயும் இதயும் சேத்து பாருங்க. டீ வாங்கினவன் கேள்வி கேக்கல, டீ கெட்டுச்சு. எஞ்சின் தரேன்னவன் தரல, எஞ்சின் வந்துச்சு.

நெடுந்தூரம்
கலா, அழகா இருக்கு, ஆனா அவ்ளோ சுலபமா முடிச்சு போடாதீங்க. சோமாலியாவுக்கும் யாரும் ஒண்ணும் தரல கடைசில, அங்க என்ன வந்துச்சு? அந்த நாட்டு அதிபர் சியாத் பாரே முதல்ல சோவியத் ஆளு, பெர்பெரா துறைமுகத்துல அவங்க ஓடுதளம் போட்டுக் குடுத்தாங்க. 1977ல எத்தியோப்பியா மேல பாஞ்சார், சோவியத் எத்தியோப்பியா பக்கம் தாவிருச்சு, கியூபா படையும் அங்க வந்து இறங்குச்சு, உடனே பாரே அமெரிக்கா பக்கம். அதே ஓடுதளம் 1980லேர்ந்து அமெரிக்காவுக்கு. போட்டி தீர்ந்ததும் ஓடுதளம் வெறும் தார் ரோடு. 1991 ஜனவரில பாரே தலைநகர விட்டு ஓடிட்டார், அதே வருஷம் மே மாசம் எத்தியோப்பியா அதிபர் மெங்கிஸ்து ஜிம்பாப்வேக்கு ஓடிட்டார். ரெண்டு பக்கமும் வாங்கிக் குவிச்ச துப்பாக்கி மட்டும் ஊருக்குள்ள தங்கிருச்சு. அந்த ஊர்ல எந்திரிக்க ஆளு, பள்ளிக்கூடம், ஆபீஸ்னு ஒண்ணும் மிச்சமில்ல. மகேந்திரகிரில இருபது வருஷம் உக்கார எஞ்சினியருக்கு யாரோ மாசா மாசம் சம்பளம் குடுத்தாங்க, அத மறக்காதீங்க.

எஸ்போ_கலா
சரி, வாபஸ். துணி மில்லு பாட்டிக்கும் இங்க அரசாங்கம் உதவித்தொகை குடுத்துச்சு, இல்லன்னா அவங்க கதை வேற.

கொட்டாம்பட்டி_குமார்
பொண்ணு நோட்ல எழுதிட்டு இருக்கு. டீச்சர்கிட்ட இத சொன்னா மார்க் வருமா தெரியல, பரவால்ல. கோத்தகிரி தம்பி, ஒரு சின்ன டவுட்டு அதுக்கு. ரஷ்யாவுக்கு போன டீ எப்படி இருக்கும், உங்க வீட்ல அதத்தான் குடிச்சீங்களா?

கோத்தகிரிக்காரன்
அப்பாகிட்ட கேட்டு சொல்றேன் அண்ணே.

(மறுநாள்)

கோத்தகிரிக்காரன்
கேட்டேன். வீட்டுக்கு டஸ்ட் டீதான், ஃபேக்டரிலயே குறைச்ச விலைக்கு வாங்கறது, வெளியூர் போறத ருசி பாத்ததில்லையாம். ஆனா ஃபேக்டரில ஒடஞ்சு கழிஞ்ச டீப்பெட்டி ஒண்ணு கொண்டுவந்து அந்த ப்ளைவுட்ல கோழிக்கூண்டு அடிச்சிருக்காரு, ஒரு பக்கம் ரஷ்ய எழுத்து, எங்களுக்கு அது என்னன்னே தெரியாது. எனக்கும் இப்போ லேசா ஞாபகம் வருது, கூண்டு கதவுக்கு மேல கறுப்பு மையில இருக்கும். மழைல ஊறி எப்பவோ பிரிஞ்சு போச்சு.

உலான்பாத்தர்_ரிட்டர்ன்
அந்த பலகை இருந்திருந்தா நான் படிச்சு சொல்லிருப்பேன்.

ப்ளாஸ்க்_டீ
கோழி முட்டைய யாரு வாங்குனா? ரூபாய்லயா டாலர்லயா?